ரயிலுக்கு ஒரு நோட்டு, சாலைக்கு ஊரெல்லாம் நோட்டு

ராமேஸ்வரம் போகிறவர்களில் பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கீழே ரயில் பாலத்தை எட்டிப் பார்க்காதவர்கள் குறைவு. அந்த நேரம் பார்த்து ரயிலும் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஒரே கடல், ஒரே தீவு, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாலங்கள். ரயில் பாலம் 1914-ல் வந்தது. அது பழசாகிப்போனதால் பக்கத்திலேயே 550 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்துப் புதிதாக ஒன்றைக் கட்டி, 2025 ஏப்ரலில் திறந்தார்கள். சாலைப் பாலம் 1988-ல்தான் திறந்தது.

இரண்டுமே அரசுப் பணத்தில் எழுந்தவை. ஆனாலும் பேச்சு வரும்போது மட்டும் "ரயில்வே நட்டத்தில் ஓடுகிறது" என்போம். "சாலை நட்டத்தில் ஓடுகிறது" என்று யாரும் சொல்லிக் கேட்டிருக்க மாட்டீர்கள். சாலை லாபத்தில் ஓடுகிறதா என்றால் அதுவும் இல்லை. அந்தக் கேள்வியே சாலையைப் பற்றி நமக்குத் தோன்றுவதில்லை. ஏன் தோன்றுவதில்லை என்று புரிந்துகொண்டால், ரயிலுக்கும் சாலைக்கும் அரசு எப்படிப் பணம் போடுகிறது என்பதில் பாதி புரிந்த மாதிரிதான்.

ரயில் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாலம் ரயில்வேயுடையது. தண்டவாளம், சிக்னல், மேலே போகும் மின்கம்பி, ஓடும் ரயில், அதை ஓட்டுபவர், டிக்கெட் பரிசோதகர், ஸ்டேஷனைப் பெருக்குபவர், காவலுக்கு நிற்கும் ஆர்பிஎஃப், எல்லாம் ஒரே நிறுவனத்தின் கணக்கில் வரும். சாலைப் பாலத்தில் அரசுக்குச் சொந்தம் பாலம் மட்டும்தான். கார் உங்களுடையது. அதற்கான கடன் தவணை, பெட்ரோல், இன்சூரன்ஸ், டயர், எல்லாம் உங்கள் செலவு. டிரைவரும் பெரும்பாலும் நீங்களே. போக்குவரத்துக் காவலருக்குச் சம்பளம் மாநிலக் காவல்துறையில். விபத்து நடந்தால் ஆம்புலன்ஸ் செலவு சுகாதாரத் துறையில்.

ஆக, ரயிலின் மொத்தச் செலவும் ஒரே நோட்டில் எழுதப்படுகிறது. சாலையின் செலவு நூறு நோட்டுகளில் சிதறிக் கிடக்கிறது. ஒரே நோட்டில் இருந்தால் கடைசிப் பக்கத்தில் கூட்டிக் கழித்து நட்டம் என்று எழுதிவிடலாம். நூறு நோட்டையும் ஒன்றாக வைத்துக் கூட்டுவதற்கு யாருக்கும் பொழுதில்லை.

இதில் ரயில்வேக்குக் கொஞ்சம் அநியாயமாகப்படும் ஒரு விஷயம் ஓய்வூதியம். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களின் பென்ஷனை ரயில்வேயே தன் வருமானத்திலிருந்து கொடுக்க வேண்டும். இப்போது அது ஆண்டுக்கு 50,000 கோடி ரூபாய்க்கும் மேல். நெடுஞ்சாலைத் துறையில் ஓய்வு பெற்ற பொறியாளரின் பென்ஷன் அரசின் பொதுக் கஜானாவிலிருந்து போகும். அதைச் சாலையின் செலவு என்று யாரும் எழுதுவதில்லை.

முதலும் செலவும்

அரசு பணம் போடுவது இரண்டு வகை. ஒன்று முதலீடு: புது லைன் போடுவது, நான்கு வழிச்சாலை அமைப்பது, பாலம் கட்டுவது. இன்னொன்று அன்றாடச் செலவு: சம்பளம், மின்சாரம், பழுது பார்ப்பது. வீடு கட்டுவதற்கும் வீட்டுக்கு மாதாமாதம் மளிகை வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம் இது. செய்தியில் "ரயில்வேக்கு இத்தனை கோடி" என்று வந்தால், அது எந்த வகை என்று பார்ப்பது நல்லது. பெரும்பாலும் முதலீடாகத்தான் இருக்கும்.

2024-25 மத்திய பட்ஜெட்டில் ரயில்வேக்கு முதலீட்டுப் பணமாகச் சுமார் 2.52 லட்சம் கோடி ஒதுக்கினார்கள். சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலை அமைச்சகத்துக்குச் சுமார் 2.78 லட்சம் கோடி. கிட்டத்தட்ட சரிசமம் போலத் தெரியும். ஆனால் சாலைக்குச் சொன்னது மத்திய அரசின் பங்கு மட்டும்தான், அதிலும் பெரும்பகுதி தேசிய நெடுஞ்சாலைகளுக்கு. நாட்டில் சுமார் 63 லட்சம் கிலோமீட்டர் சாலை இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலை அதில் ஒன்றரை லட்சம் கிலோமீட்டர்கூடக் கிடையாது. மீதியெல்லாம் மாநில நெடுஞ்சாலைத் துறை, மாநகராட்சி, பஞ்சாயத்து என்று பல கைகளில் இருக்கிறது. கிராமச் சாலைகளுக்கு 2000-ல் பிரதமர் பெயரில் ஒரு திட்டம் வந்தது. முதலில் முழுச் செலவும் மத்திய அரசு ஏற்றது. பிறகு 60-க்கு 40 என்று மாநிலங்களும் பங்கு போட வேண்டியதாயிற்று. ரயிலுக்கோ கிட்டத்தட்ட எல்லாமே டெல்லியிலிருந்துதான். அதனால் அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "ரெண்டுக்கும் ஒரே அளவுதான் தருகிறார்கள்" என்று முடிவு கட்டக் கூடாது.

ரயிலுக்கு அரசு முட்டுக்கொடுப்பது நேற்று தொடங்கியதல்ல. 1850-களில் தனியார் கம்பெனிகள் இங்கே ரயில் போட வந்தபோது, போட்ட முதலுக்கு 5 சதவீத வருமானம் நிச்சயம் என்று ஆட்சியாளர்கள் உத்தரவாதம் கொடுத்தார்கள். லாபம் வந்தால் கம்பெனிக்கு. வராவிட்டால் குறையை இங்குள்ள வரிப்பணத்திலிருந்து ஈடுகட்டுவது. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியதே அந்தக் காலத்தில்தான். எப்படியும் 5 சதவீதம் வந்துவிடும் என்றால் செலவைக் குறைக்க எந்தக் கம்பெனி மெனக்கெடும்?

1924-ல் ரயில்வே கணக்கை அரசின் பொதுக் கணக்கிலிருந்து பிரித்தார்கள். அப்போதிருந்து 2016 வரை ரயில்வேக்குத் தனி பட்ஜெட். அரசு போட்ட முதலுக்கு ரயில்வே ஆண்டுதோறும் ஈவுத்தொகையும் கட்டி வந்தது. 2017-ல் இரண்டையும் மறுபடி ஒன்றாக்கியபோதுதான் அது நின்றது. சாலை என்றைக்காவது அரசுக்கு ஈவுத்தொகை கட்டியதுண்டா?

நம் டிக்கெட்டின் மீதி யார் தலையில்?

சில வருடங்களுக்கு முன்னால் ரயில் டிக்கெட்டில் ஒரு வரி அச்சடித்து வந்தது நினைவிருக்கலாம்: பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதத்தைத்தான் ரயில்வே வசூலிக்கிறது என்று. நாம் ஏதோ ஓசியில் போகிற மாதிரி டிக்கெட்டே நம்மைக் குத்திக்காட்டியது. 2022-23 கணக்கின்படி 100 ரூபாய் செலவாகும் பயணத்துக்கு 54 ரூபாய்தான் வாங்கினார்களாம். பயணிகளுக்கான மானியம் அந்த ஆண்டு 56,993 கோடி ரூபாய் என்று ரயில்வே அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். சென்னை புறநகர் ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். இன்றைக்கு 5 ரூபாய்க்கு டீயே கிடைக்காது.

சரி, மிச்சம் 46 ரூபாயை யார் தருகிறார்கள்? வரிப்பணம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். பெரும்பகுதி அப்படி இல்லை. கூட்ஸ் வண்டி தருகிறது. ரயில்வே வருமானத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு சரக்கிலிருந்து வருவது. அதிலும் நிலக்கரிதான் பெரியது. நிலக்கரி, சிமென்ட், இரும்புத்தாது ஏற்றுகிறவர்களிடம் செலவுக்கு மேலே வாங்கி, அதைக் கொண்டு பயணிகளின் கட்டணத்தைக் குறைத்து வைக்கிறார்கள். இதற்குக் குறுக்கு மானியம் என்று பெயர். சாப்பாட்டை மலிவாகப் போட்டுவிட்டு, காபியில் பிடித்துக்கொள்ளும் ஓட்டல்காரரின் கணக்கு.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் எங்கே என்றால், காபி விலை ஏறினால் ஆட்கள் எதிர்க் கடைக்குப் போய்விடுவார்கள். சரக்குக்கு எதிர்க் கடை லாரி. அதோடு, பயணிகள் ரயிலுக்கு வழிவிட்டு வழிவிட்டுக் கூட்ஸ் வண்டியின் சராசரி வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரை ஒட்டித்தான் இருக்கிறது. கூடுதல் விலையும் கொடுத்துக் காத்தும் கிடப்பானேன்? சுதந்திரம் வந்த புதிதில் நாட்டின் சரக்குப் போக்குவரத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் ரயிலில் போனது. இப்போது சுமார் 27 சதவீதம். 2030-க்குள் அதை 45 ஆக்க வேண்டும் என்று தேசிய ரயில் திட்டம் சொல்கிறது. வடக்கிலும் மேற்கிலும் சரக்குக்கென்றே தனித் தடங்கள் போட்டது அதற்காகத்தான்.

நாமக்கல்லை நினைத்துப் பாருங்கள். லாரிக்கும் லாரிக்குக் கூடு கட்டுவதற்கும் பெயர்போன ஊர். சேலம்–கரூர் ரயில் பாதை திறந்து அந்த ஊருக்கு ரயில் வந்தது 2013-ல்தான். ரயில் இல்லாத ஊரில் லாரி தழைத்ததில் வியப்பொன்றும் இல்லை. முட்டையைக் கோழிப்பண்ணை வாசலில் ஏற்றி, கேரளத்தில் கடை வாசலில் இறக்குவதற்கு லாரியைத் தவிர வேறு எதுவும் லாயக்குப்படாது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். தண்டவாளம் வீட்டு வாசலுக்கு வராது. ரயிலுக்காகப் பேசுகிறவர்கள் (நானும் அந்தக் கட்சிதான்) இதை அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

பெட்ரோலில் பிடிப்பது

"நான் பெட்ரோலுக்கு வரி கட்டுகிறேன், சுங்கச்சாவடியில் கட்டுகிறேன், வண்டி வாங்கும்போது சாலை வரி கட்டினேன். சாலைக்கு நான்தானே முழுசாகக் கொடுத்திருக்கிறேன்?" கார் வைத்திருக்கும் நண்பர்கள் தவறாமல் கேட்பது இது. நியாயமான கேள்விதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சென்னையிலிருந்து மதுரைக்குச் சாலையில் சுமார் 460 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் கார் என்றால் ஏறக்குறைய 31 லிட்டர் பெட்ரோல். 2022 மே மாதம் வரியைக் குறைத்த பிறகு ஒரு லிட்டர் பெட்ரோலில் மத்திய கலால் வரி 19 ரூபாய் 90 பைசா என்று நின்றது. அந்தக் கணக்கில் 31 லிட்டருக்கு 617 ரூபாய். மாநில அரசின் வாட் வரி தனி. ஆனால் அந்த 19.90-ல் சாலைக்கும் உள்கட்டமைப்புக்கும் என்று பெயர் சொல்லிப் பிடித்தது 5 ரூபாய் மட்டும்தான். டீசலில் 2 ரூபாய். மதுரைப் பயணத்துக்கு 155 ரூபாய். மீதியில் பெரும்பகுதி பொது வரி. சோப்புக்கு வரி கட்டினால் அது குளியலறை கட்டுவதற்கு என்று கேட்க முடியாதல்லவா, அது மாதிரி.

அந்த 5 ரூபாய் போன்றவற்றுக்கு செஸ் என்று பெயர். ஒரு குறிப்பிட்ட காரியத்துக்கென்று பிடிப்பது. இதுவும் பழைய யோசனைதான். 1927-ல் ஜெயகர் தலைமையில் அமைத்த குழு, பெட்ரோலில் கூடுதலாகக் கொஞ்சம் பிடித்துச் சாலைக்கென்று தனி நிதி வைக்கலாம் என்றது. 1929-ல் அந்த நிதி வந்தது. 1998-ல் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 1 ரூபாய், அடுத்த ஆண்டு டீசலுக்கும் என்று புதிதாக செஸ் போட்டார்கள். டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா நான்கையும் இணைத்த 5,846 கிலோமீட்டர் தங்க நாற்கரச் சாலைக்குக் கைகொடுத்தது அந்த ஒரு ரூபாய்தான். 2018-ல் இந்த நிதியின் பெயரில் சாலையோடு உள்கட்டமைப்பும் சேர்ந்தது. அதாவது, இப்போது அதிலிருந்து ரயிலுக்கும் எடுத்துக் கொடுக்கலாம். கார்க்காரர் பெட்ரோல் போட, அதில் ஒரு பங்கு தண்டவாளத்துக்கும் போகிறது.

அப்புறம் சுங்கச்சாவடி. டோல் கட்டுவதால் சாலை தன் காலில் நிற்கிறது என்று ஒரு எண்ணம் இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் கடன் ஒரு கட்டத்தில் 3 லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது. அதற்கப்புறம் வெளியே கடன் வாங்குவதை நிறுத்தி, பட்ஜெட்டிலிருந்தே பணம் கொடுக்க ஆரம்பித்தார்கள். தனியார் கட்டும் சாலை என்று சொல்வதிலும் அரசுப் பணம் உண்டு. 2016-ல் வந்த கலப்பு முறையில், கட்டும்போதே செலவில் 40 சதவீதத்தை அரசு கொடுத்துவிடும். மீதி 60-ஐக் கட்டியவர் போட்டு, பிறகு தவணை தவணையாக அரசிடமிருந்து வாங்கிக்கொள்வார். டோல் வசூல் அவருக்கு வராது, அது ஆணையத்துக்கு. வண்டிகள் குறைந்தால் வருமானக் குறைவும் அரசுக்குத்தான்.

டோல் கட்டணத்திலேயே ஒரு வேடிக்கை ஒளிந்திருக்கிறது. 2008-ல் வந்த விதிகளில் அடிப்படைக் கட்டணம் காருக்குக் கிலோமீட்டருக்கு 65 பைசா. லாரி, பஸ்ஸுக்கு 2 ரூபாய் 20 பைசா. விலைவாசிக்கேற்ப ஆண்டுதோறும் ஏற்றுகிறார்கள், விகிதம் அநேகமாக அதேதான். லாரி காரைப்போல கிட்டத்தட்ட மூன்றரை மடங்கு கொடுக்கிறது. சாலைக்கு அது செய்யும் சேதம் எத்தனை மடங்கு தெரியுமா? 1950-களின் கடைசியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் புதுச் சாலை போட்டு, அதன்மேல் லாரிகளை இரண்டு வருடம் ஓட்டிப் பார்த்தார்கள். அச்சின்மேல் விழும் எடை இரண்டு மடங்கானால் சாலையின் தேய்மானம் இரண்டு மடங்கல்ல, ஏறக்குறைய 16 மடங்கு என்று தெரிந்தது. எடையின் நான்காம் அடுக்கு (2×2×2×2). 1 டன் அச்சையும் 10 டன் அச்சையும் ஒப்பிட்டால் 10,000 மடங்கு. இந்தியாவில் லாரியின் ஓர் அச்சில் ஏற்றலாம் என்றிருந்த 10.2 டன்னை 2018-ல் 11.5 டன்னாக உயர்த்தினார்கள். கேட்க 1.3 டன்தான். நான்காம் அடுக்கில் போட்டால் தேய்மானம் ஒன்றரை மடங்குக்கும் மேல்.

இதற்காக லாரிக்காரர் மேல் பாய்வதில் பயனில்லை. டீசல் விலைக்கும் டோலுக்கும் நடுவில் அவர் பாடே திண்டாட்டம். நான் சொல்ல வருவது கணக்கை மட்டும். ரயிலில் சரக்கு கூடுதலாகக் கொடுத்துப் பயணியைச் சுமக்கிறது. நெடுஞ்சாலையில் கார்க்காரர் கூடுதலாகக் கொடுத்துச் சரக்கைச் சுமக்கிறார். இரண்டும் சேர்ந்து என்ன செய்யும்? ரயிலில் போக வேண்டிய சரக்கை லாரிக்குத் தள்ளும். லாரி சாலையைத் தேய்க்கும். தேய்ந்த சாலையைப் போட மறுபடி அரசு பணம் கொடுக்கும். இதில் எந்த நோட்டிலும் "மானியம்" என்ற சொல் எழுதப்படுவதில்லை. அந்தச் சொல் நம் டிக்கெட்டில் மட்டும்தான்.

எழுதப்படாத இன்னொரு செலவும் இருக்கிறது. 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம். அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் "இன்னுயிர் காப்போம்" திட்டம் 2021 டிசம்பரில் இங்கே வந்தது. நல்ல திட்டம். அந்தப் பணம் சுகாதாரச் செலவில் எழுதப்படும். சாலைச் செலவு என்று எந்தப் பொறியாளரும் தன் மதிப்பீட்டில் சேர்ப்பதில்லை.

இதை வைத்து எல்லாப் பணத்தையும் ரயிலுக்கே கொட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. ரயிலுக்குத் தொடக்கச் செலவு மிகப் பெரியது. பாதை போட்ட பிறகு ஒரு ரயில் போனாலும் ஐம்பது ரயில் போனாலும் அந்தச் செலவு போட்டதுதான். கூட்டம் இருக்கும் இடத்தில் அதைவிட மலிவு வேறில்லை. கூட்டம் இல்லாத இடத்தில் அதைவிட வீண் வேறில்லை. தாம்பரம்–கடற்கரை லைனுக்குப் போட்ட பணத்தைப் பற்றி யாரும் வருத்தப்பட வேண்டாம். நாளுக்கு இரண்டு ரயில், அதிலும் பாதி காலி என்று ஓடும் ஒரு பாதைக்கு அதே வாதத்தைச் சொல்ல முடியாது. அங்கே நல்ல தார்ச்சாலையும் நான்கு டவுன் பஸ்ஸும் போதும். பஸ்ஸும் சாலையில்தானே ஓடுகிறது? ரயிலா சாலையா என்று சண்டை போடும்போது பஸ்ஸை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். 2021-லிருந்து சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அந்த இழப்பை மாநில அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடுசெய்கிறது. அதுவும் பொதுப்பணம்தான். ஒருத்தர் மட்டும் போகும் காருக்காகச் சாலையை அகலப்படுத்துவதைவிட அது நல்ல செலவு என்பது என் எண்ணம்.

ரயிலின் நோட்டும் சாலையின் நோட்டும் ஒன்றையொன்று தொட்டே ஆக வேண்டிய இடம் ஒன்று உண்டு: ரயில்வே கேட். ஒரு நாளில் அந்தக் கேட்டைக் கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையையும் வண்டிகளின் எண்ணிக்கையையும் பெருக்குவார்கள். 50 ரயில், 2,000 வண்டி என்றால் 1 லட்சம். இந்தப் பெருக்குத்தொகை 1 லட்சத்தைத் தாண்டினால் மேம்பாலம் கட்டத் தகுதி. செலவு ரயில்வேக்கும் மாநிலத்துக்கும் பாதிப் பாதி என்பது நெடுநாள் வழக்கம். தண்டவாளத்துக்கு நேர்மேலே வரும் துண்டை ரயில்வே கட்டும். இரண்டு பக்கமும் ஏறி இறங்கும் சாலையை மாநிலம் கட்டும். தண்டவாளத்துக்கு மேலே ரயில்வேக்கு நிலம் கையகப்படுத்தும் வேலை இல்லை. அது சீக்கிரம் முடிந்துவிடும். பக்கவாட்டில் கடைகள், வீடுகள், கோர்ட் தடையுத்தரவு. தமிழ்நாட்டில் பல ஊர்களில் பார்த்திருப்பீர்கள்: நடுவில் பாலம் மட்டும் அந்தரத்தில் நிற்கும், அதில் ஏறவும் வழி இருக்காது, இறங்கவும் வழி இருக்காது. கீழே கேட் மூடியிருக்கும். இரண்டு பக்கமும் வண்டியை நிறுத்திவிட்டு எல்லோரும் அண்ணாந்து அந்தப் பாலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.